கால் டில்லியில், பூட்ஸ் நியூஜெர்சியில்

நம்ம மக்கள்கிட்ட ஒரு வியாதி பரவிக்கிட்டு இருக்கு. அதைப் பத்திக் கொஞ்சம் காரமாத்தான் எழுதப் போறேன். கோச்சுக்காதீங்க.

பிப்ரவரியில் குழந்தை குட்டிகளோடு குல்மார்க் போய், நாலு நாள் பனியில் விழுந்து எழுந்து ஸ்கீயிங் கற்றுக்கொண்டு வருகிற டில்லி, குர்காவ்ன், நொய்டா தமிழர்களுக்கு மார்ச் மாதமே அடுத்த ஆசை வந்துவிடுகிறது. "கொண்டோலா க்யூவுல யார் நிக்கிறது? நாமளே ஏறி நாமளே இறங்கலாமே!" நல்ல ஆசைதான். ஸ்கீக்கு அடியில் ஸ்கின் என்ற பட்டையை ஒட்டி, குதிகாலைத் தூக்கித் தூக்கி மலை ஏறி, உச்சிக்குப் போனதும் அதை உரித்துப் பையில் போட்டுக்கொண்டு, குதிகாலைப் பூட்டி இறங்குவது. இதற்குப் பெயர் டூரிங். இதற்கென்று தனி பூட்ஸ் வேண்டும். வியாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

மனுஷன் எக்ஸெல் ஷீட் போடுகிறார். பதினெட்டு மாடல். எடை, ஃப்ளெக்ஸ், கணுக்கால் எத்தனை டிகிரி வளையும், விலை, எல்லாம் கட்டம் கட்டமாக. பத்து நாள் அலசிவிட்டு நியூஜெர்சி மச்சினனுக்கு ஒரு வாட்ஸப். "மாப்ள, டிசம்பர்ல வரும்போது கையோட எடுத்துட்டு வந்துடு." 600 முதல் 900 டாலர், நம்ம காசில் 50,000 முதல் 80,000 ரூபாய். ஷீட்டில் எல்லாக் கட்டமும் இருக்கிறது, இவருடைய கால் மட்டும் எங்கேயும் இல்லை. அது டில்லியில் ஹவாய் செருப்புக்குள் நிம்மதியாக இருக்கிறது.

இதைச் செய்யாதீர்கள் என்று சொன்னால், "அவ்ளோ ரிவ்யூ படிச்சிருக்கேன் சார்" என்கிறார்கள். ரிவ்யூ எழுதினவன் கால் உங்க கால் இல்லை சார்.

முதலில் சைஸ். நம் எல்லாருக்கும் சின்ன வயசில் பாட்டா கடையில் பாடம் நடந்திருக்கிறது. "வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெருசாவே கொடுங்க." நாற்பத்திரண்டு வயசில் என்னத்தைய்யா வளரப்போகுது? ஆனாலும் கை தன்னால் ஒரு சைஸ் கூட்டுகிறது, கேட்டால் உள்ளே ரெண்டு உல்லன் சாக்ஸ் போடணுமாம். ஸ்கீ பூட்ஸ் அளவு மோண்டோபாயிண்ட். அதாவது பாதத்தின் நீளம் சென்டிமீட்டரில். குதிகாலைச் சுவரில் ஒட்டி நின்று அளந்தால் 26.5 வருகிறதா, சைஸ் 26.5. அதோடு இன்னொன்று, பெரும்பாலான கம்பெனிகளில் 26-க்கும் 26.5-க்கும் வெளியே இருக்கிற பிளாஸ்டிக் ஷெல் ஒன்றேதான். "அரை சைஸ் கூட்டி வாங்கினேன்" என்று நீங்கள் திருப்திப்படும்போது பல சமயம் ஒன்றுமே மாறியிருக்காது.

பெரிய பூட்ஸில் ஏறும்போது குதிகால் ஒவ்வொரு அடிக்கும் மேலே கீழே தேய்ந்து கொப்புளம். இறங்கும்போது பாதம் முன்னால் வழுக்கி கட்டைவிரல் நகம் கறுத்துப் போகும். வழுக்காமலிருக்க பக்கிளை இறுக்குவீர்கள், ரத்த ஓட்டம் குறையும், விரல் மரத்துப் போகும். அப்புறம் "பூட்ஸ் சூடாவே இல்லை, குளிருது" என்று கம்பெனிக்காரனைத் திட்டுவீர்கள். பெரிய பூட்ஸ்தான் குளிரும். சாக்ஸ் ஒன்றே ஒன்று, மெல்லிசாக. டில்லிக் குளிருக்குக் குழந்தைக்கு மங்கி கேப்போடு மூன்று ஸ்வெட்டர் மாட்டுகிற நம் அம்மாக்களுக்கு இது அநியாயமாகத் தெரியும், என்ன செய்ய.

சரியான பரிசோதனை ரொம்பச் சுலபம். உள்ளே இருக்கிற லைனரை உருவிவிட்டு வெறும் ஷெல்லுக்குள் காலை விட்டு, விரல் நுனி முன்னால் தொடும்படி நில்லுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் சரி. சொகுசுக்காரர்களுக்கு ரெண்டு வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம். பிறகு லைனரோடு போட்டு நேராக நின்றால் விரல் லேசாக இடிக்க வேண்டும், முழங்காலை மடக்கினால் அந்த இடி விலக வேண்டும். கடையிலேயே மெத்தை மாதிரி இருக்கிற பூட்ஸ், லைனர் அமுங்கியதும் பத்தாவது நாளில் தொளதொளவென்று ஆகிவிடும். இந்தப் பரிசோதனையை மச்சினன் உங்களுக்காகச் செய்ய முடியுமா?

நீளத்தை விட நமக்குப் பெரிய பிரச்சினை அகலம். ஊரில் வெறுங்காலோடும் ரப்பர் செருப்போடும் வளர்ந்த கால்கள் இவை. 2009-இல் வந்த ஓர் ஆய்வில் வெறுங்காலோடு நடந்து பழகிய இந்தியர்களின் பாதங்களைப் பெல்ஜியம்காரர்களின் பாதங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நம் ஆட்கள் பாதம் அகலம், அவர்கள் பாதம் ஒடுக்கம். பூட்ஸ் செய்கிறவர்கள் யார்? இத்தாலி, ஆஸ்திரியாக்காரர்கள். யார் காலை மனதில் வைத்துச் செய்வார்கள்? பாதத்தின் அகலமான இடத்துக்கு 98 முதல் 102 மில்லிமீட்டர் வரை மாடலுக்கு மாடல் வித்தியாசம் உண்டு. நாலு மில்லிமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள், ஆறு மணி நேரம் கழித்துச் சுண்டுவிரல் சொல்லும். 98 இடிக்கிறது என்று ஒரு சைஸ் நீளத்தைக் கூட்டுவது, சட்டைக் காலர் பிடிக்கிறது என்று கை நீளமான சட்டை வாங்குகிற கதை. அகலமான மாடலைத் தேடுங்கள், அல்லது ஷெல்லைச் சூடாக்கி அந்த இடத்தில் மட்டும் வெளியே தள்ளித் தரச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் ஷெல்லில் செய்யலாம். கார்பன் சமாச்சாரத்தில் கஷ்டம். நம்மூரில் இந்த வேலை தெரிந்த ஆள் கிடைப்பது குதிரைக் கொம்பு. அதனால்தான் காலையும் பூட்ஸையும் ஒரே கடையில் சந்திக்க வையுங்கள் என்று அடித்துக்கொள்கிறேன்.

அடுத்தது ஃப்ளெக்ஸ். இது நம் ஆட்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மார்க் மாதிரி. "நான் 130 வாங்கியிருக்கேன், நீங்க?" அய்யா, இந்த எண்ணுக்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவுகோலே கிடையாது. அவனவன் போட்டுக்கொள்கிற மார்க். ஒரு கிலோ டூரிங் பூட்ஸின் 120-ம், ரெண்டு கிலோ சாதா ஸ்கீ பூட்ஸின் 120-ம் பனியில் ஒன்றாக இருக்காது. குளிரில் பிளாஸ்டிக் இன்னும் விறைக்கும். 65 கிலோ ஆசாமி, ரெண்டு சீசன் அனுபவம், முழங்கால் முன் எலும்பால் அந்தக் கஃப்பைத் தள்ளவே முடியாது. தள்ள முடியாவிட்டால் உடம்பு பின்னால் சாயும், தொடை எரியும், ஸ்கீ தன் இஷ்டத்துக்குப் போகும்.

குல்மார்க்கில் இது சிரிப்புச் சமாச்சாரம் இல்லை. 2005-இல் கொண்டோலாவின் இரண்டாம் கட்டம் வந்ததிலிருந்து கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரத்துக்கு உட்கார்ந்தபடியே போய்விடலாம். அங்கே எல்லைக் கயிற்றைத் தாண்டினால் அஃபர்வட்டின் திறந்த சரிவுகள். 2023 பிப்ரவரியில் அங்கே பனிச்சரிவில் போலந்துக்காரர்கள் இருவர் இறந்தார்கள். 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவர். எந்த பூட்ஸும் பனிச்சரிவைத் தடுக்காதுதான். ஆனால் கைடு "அந்தப் பாறைக்கு இந்தப் பக்கம் நில்லுங்க" என்று சொன்னால் அந்தப் பாறைக்கு இந்தப் பக்கம் நிற்கத் தெரிய வேண்டும். காலுக்குள் ஆடுகிற பூட்ஸோடும், வளைக்க முடியாத பூட்ஸோடும் அது நடக்காது.

இனி எடைப் பைத்தியம். பந்தய பூட்ஸ் கால் ஒன்றுக்கு ஒரு கிலோவுக்கு நன்றாகக் கீழே. நடுத்தரம் 1,200 முதல் 1,400 கிராம். இறக்கத்துக்கென்று செய்தவை 1,500 முதல் 1,800. உடனே கால்குலேட்டர் எடுக்கிறார்கள்: 800 மீட்டர் ஏற்றத்துக்குச் சுமார் ஏழாயிரம் அடி, காலுக்கு 300 கிராம் மிச்சம் பிடித்தால் மொத்தம் இரண்டு டன்! கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஸ்கின் போட்டு ஏறுகிறவன் காலைத் தூக்கி வைப்பதில்லை, தேய்த்து இழுக்கிறான். எடை முக்கியமில்லை என்று சொல்லவில்லை, காலில் கட்டிய எடை முதுகில் சுமக்கிற எடையை விட அதிகம் படுத்தும். ஆனால் பின்னால் இருக்கிற லீவரைத் திறந்ததும் கஃப் எவ்வளவு லகுவாக முன்னும் பின்னும் ஆடுகிறது, லைனர் அதற்கு இடம் கொடுக்கிறதா என்பதுதான் ஏற்றத்தில் உயிர். "60 டிகிரி" என்று அட்டையில் போட்டிருப்பான். அந்த 60-ஐ எட்ட ஒவ்வொரு அடிக்கும் பிளாஸ்டிக்கோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தால் 200 கிராம் குறைந்து என்ன புண்ணியம்? இதை எக்ஸெல்லில் பார்க்க முடியாது. கடை மாடிப்படியில் ஏறிப் பார்க்கலாம்.

எங்கே போகப்போகிறீர்கள் என்பதை வைத்து முடிவெடுங்கள். குல்மார்க்கில் பெரும்பாலான ஏற்றத்தைக் கொண்டோலாவே பார்த்துக்கொள்கிறது, உங்கள் நடை அரை மணி, ஒரு மணி. அங்கே 900 கிராம் பூட்ஸோடு அகலமான ஸ்கீயில் இறங்குவது, ஆட்டோ ஹேண்டில்பாரை வைத்து லாரி ஓட்டுவது. 1,500 கிராம் பூட்ஸ் பாவமில்லை. அவுலி வேறு கதை. ஜோஷிமட் நிலம் புதைய ஆரம்பித்து 2023 ஜனவரியில் அந்த ரோப்வே நிறுத்தப்பட்டது. கோர்சன் புக்யால் பக்கம் சொந்தக் காலில் ஏறி, மிதமான புல்வெளிச் சரிவில் இறங்குகிறவர் லேசான பூட்ஸ் வாங்கட்டும், நான் குறுக்கே நிற்க மாட்டேன். "ரெண்டுக்கும் நூத்துக்கு நூறு" என்று விற்கிறானே, அந்த விளம்பரத்தைத்தான் நம்பாதீர்கள். இன்று வருகிற நல்ல பூட்ஸ்கள் இருபது வருஷம் முந்தையவற்றைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் ஏதாவது ஒரு பக்கம் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் செய்திருப்பான்.

இன்னொரு பொறி. "வாக் மோட்" லீவர் இருப்பதெல்லாம் டூரிங் பூட்ஸ் இல்லை. முன் நுனியில் இரண்டு பக்கமும் பின் பைண்டிங் கவ்வுகிற உலோகக் குழி, குதியில் ஒரு பிளவு, இவை இருக்கிறதா பாருங்கள். லீவர் மட்டும் உள்ள சாதா பூட்ஸ், பார்க்கிங்கிலிருந்து டீக்கடைக்கு நடக்க உதவும். எதிர்ப்பக்கமும் உண்டு: வளைந்த ரப்பர் அடி கொண்ட டூரிங் பூட்ஸை வாடகை ஸ்கீயின் சாதா பைண்டிங்கில் அழுத்தி மாட்டாதீர்கள். விழும்போது கழல வேண்டியது கழலாமல் போனால் முட்டி போகும். "க்ளிக்னு மாட்டிடுச்சே" என்பது பதில் இல்லை.

வீட்டம்மாவுக்கும் அதே ஷீட்டிலிருந்து, நிறம் மட்டும் மாற்றி ஆர்டர் போடுகிற கணவன்மாருக்கு ஒரு வார்த்தை. பெண்களுக்குக் கெண்டைச்சதை பொதுவாகக் கீழே இறங்கியிருக்கும், அதற்கேற்ற குட்டையான கஃப்போடு மாடல்கள் இருக்கின்றன. அவங்க காலை அவங்களே கொண்டுபோய்ப் பார்க்கட்டும். குழந்தைகளுக்கு வாங்கவே வாங்காதீர்கள். வாடகை போதும்.

"அப்போ எப்படித்தான் வாங்குறது, சொல்லித் தொலையேன்" என்கிறீர்கள். நம்மில் பாதிப் பேர் வருஷத்துக்கொரு முறை ம்யூனிக், ஜூரிக், டென்வர் என்று ஆன்சைட் போகிறவர்கள்தானே? ஒரு சாயங்காலத்தை ஒதுக்குங்கள். சாயங்காலம்தான், கால் லேசாக வீங்கியிருக்கும். மூன்று மாடலாவது போட்டு அரை மணி நேரம் கழற்றாமல் நில்லுங்கள், நடங்கள், படியேறுங்கள், பூட்டி மடங்குங்கள். கடைக்காரர் காலை அளக்காமல் நேராகப் பெட்டியை நீட்டினால் வெளியே வந்துவிடுங்கள். ஆன்சைட் இல்லாதவர்கள் வாய்ப்பு வரும்வரை குல்மார்க் வாடகை பூட்ஸிலேயே ஓட்டுங்கள். நாற்றம் அடிக்கும்தான். அதற்காக 80,000 ரூபாயை அலமாரிக்குள் போட்டுப் பூட்டி வைக்க வேண்டுமா?

மச்சினன் டிக்கெட் போட்டாச்சு, ஏதாவது வாங்கிவரச் சொல்லியே ஆகணுமா? ஸ்கின் வாங்கிவரச் சொல்லுங்கள். உங்க ஸ்கீயை விட அகலமாக இருந்தால் அதை வெட்டிக்கொள்ளலாம்.