கை வேலை செய்யட்டும், காது படிக்கட்டும்!

சகோதரிகளே, எங்கள் காஞ்சிபுரத்தில் தறி ஓடும் வீடுகளில் தறிச் சத்தத்தோடு ரேடியோ சத்தமும் சேர்ந்து கேட்கும். கை நாடாவைத் தள்ளும், கால் மிதிக்கும், கண் ஜரிகை மேலேயே இருக்கும். சும்மா இருப்பது காது ஒன்றுதான். அடுப்படியில் நிற்கிற நமக்கும் இதே கதைதானே? அந்தக் காதை வைத்துக்கொண்டு விட்ட படிப்பைத் தொடரலாம், வேலையிலும் மேலே வரலாம்.

இது புதுசு ஒன்றும் இல்லை. திருவள்ளுவரே கல்விக்கு ஓர் அதிகாரம் வைத்ததோடு நிற்காமல், கேட்டு அறிவதற்கென்று 'கேள்வி' என்று தனியாக 42-ஆவது அதிகாரத்தை வைத்திருக்கிறார். இங்கிலாந்தில் திறந்த பல்கலைக்கழகம் 1971-ல் பாடம் தொடங்கியபோது ரேடியோவையும் டெலிவிஷனையும்தான் துணைக்கு அழைத்தது. நம் நாட்டில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-ல் பிறந்தது. 2001-ல் 'ஞானவாணி' என்ற கல்வி வானொலி வந்தது. சென்னை அண்ணா பல்கலைக்கழகம் 2004-ல் தன் வளாகத்திலேயே 'அண்ணா எஃப்.எம்.' என்ற சமுதாய வானொலியைத் தொடங்கியது.

ஆனால் ரேடியோவில் ஒரு சங்கடம். பால் பொங்குகிறதே என்று எழுந்து ஓடினால், பாடம் நமக்காகக் காத்திருக்குமா? அந்தக் குறையைத் தீர்த்ததுதான் பாட்காஸ்ட். தமிழில் 'வலையொலி' என்கிறார்கள். பேச்சைப் பதிவு செய்து வைத்துவிடுவார்கள். நாம் போனில் இறக்கிக்கொண்டு நமக்கு ஒழிந்த நேரத்தில் கேட்கலாம். நிறுத்தலாம், புரியாத இடத்தைப் பத்துத் தடவை கேட்கலாம். எந்த வாத்தியாரும் முகம் சுளிக்க மாட்டார்!

எங்கள் தெருவில் ஒரு மருமகள். எம்.எஸ்ஸி. படித்துவிட்டு ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராக இருக்கிறாள். ஒன்றரை வயதில் கைக்குழந்தை. காலையில் சமையல் செய்தபடியே பாடம் கேட்பாள். மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. "எப்பப் பாரு காதுல ஒண்ணை மாட்டிக்கிட்டு நிக்கிறா. கூப்பிட்டா ஏன்னுகூடக் கேக்க மாட்டேங்கிறா" என்று என்னிடம் வந்து புலம்பினார்கள். நான் அந்தப் பெண்ணிடம், "காதிலிருந்து எடுத்துவிட்டு வெளியே கேக்கற மாதிரி வையேன், அத்தையும் கேக்கட்டும்" என்றேன். அன்றைக்குச் சாயங்களைப் பற்றிய பாடம். பட்டு நூல் சுற்றியே வளர்ந்த அந்த அம்மாள் கையை நிறுத்திவிட்டு, "இதை நாங்க எப்பவோ செஞ்சாச்சே! ஏன் சாயம் புடிக்குதுன்னு இப்பத்தான் தெரியுது" என்றார்களே பார்க்கணும்!

ஆனாலும், சகோதரிகளே, காதால் கேட்டது மட்டும் படிப்பாகிவிடாது. கறிகாய் நறுக்கும்போது கேட்பது முதல் உழவு மாதிரிதான். பிறகு உட்கார்ந்து எழுதினால்தான் விதை ஊன்றும். ஒரு பாடம் கேட்டதும், அன்றைக்கே நோட்டில் ஐந்து வரி எழுதுங்கள். சரித்திரம், இலக்கியம், மனவியல் போன்றவை காதுக்குச் சுலபமாக ஏறும். கணக்குக்கும் படம் போட்டு விளக்கும் பாடத்துக்கும் கண்ணும் வேண்டும்.

சான்றிதழ் வேண்டுமானால், 2017-ல் மத்திய அரசு தொடங்கிய 'ஸ்வயம்' தளத்தில் பெயர் பதியலாம். பாடம் இலவசம், பரீட்சைக்கு மட்டும் கட்டணம். அதில் ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களில் வாராவாரம் எழுதும் பயிற்சிக்கு 25 மார்க், பரீட்சைக்கு 75 மார்க். கல்லூரி ஆசிரியர்களுக்கான புத்தாக்கப் பயிற்சியும் 2018-ல் இதே ஸ்வயம் வழியாக வந்தது. 2021-ல் வந்த யு.ஜி.சி. விதிப்படி, கல்லூரி ஒப்புக்கொண்டால் ஒரு பருவத்துப் பாடங்களில் 40 சதவீதம் வரை இப்படிப் படிக்கலாம். சேருமுன் கல்லூரியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உடம்பையும் கவனிக்க வேண்டும். சத்தத்தைப் போனில் உள்ள அளவில் 60 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். இது உலக சுகாதார நிறுவனம் சொல்வது. நடுநடுவே காதுக்கு ஓய்வு கொடுங்கள். குழந்தை உள்ள வீட்டில் ஒரு காது எப்போதும் திறந்திருக்கட்டும். குழந்தையின் அழுகையும் குக்கர் விசிலும் கேட்க வேண்டும். தெருவைக் கடக்கும்போது இரண்டையும் கழற்றிவிடுங்கள்.

வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. காதை நாங்கள் தேடிக்கொள்கிறோம். ஆனால் எழுத உட்கார ஒரு மணி நேரமும், பரீட்சை நாளில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளும் நீங்கள்தான் தர வேண்டும். அது இல்லாமல் எத்தனை நல்ல பாடமும் பாதி வழியில் நின்றுவிடும். எங்கள் தெருப் பெண்ணுக்கு அடுத்த மாதம் பரீட்சை. அன்றைக்குச் சமையலும் பேரனும் தன் பொறுப்பு என்று மாமியார் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் யார் சொல்லப் போகிறார்கள்? இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.