குறிச்சொல்லும் கடைத்தெருவும்

வீட்டிலிருந்தபடியே தையல், பலகாரம், கேக்கு, ஊறுகாய் என்று சிறு வாணிபம் நடத்தும் நம் சகோதரிகள் பலர், "படம் எடுத்துப் போடுகிறோம், அதன் கீழே இருபது முப்பது ஹேஷ்டேக்கும் சேர்க்கிறோம், ஆயினும் வாங்குவாரைக் காணோமே, ஏன்?" என்று கேட்டு வருகின்றனர். கேள்வி சிறியதன்று. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது முதல், விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூரில் உழைத்து, இருட்டிய பின் வீடு திரும்புவதே நம்மவர் பலருக்கு வாழ்க்கையாகிவிட்டது. ஒரு வீட்டிலேனும் அந்த ரயில் பயணம் வேண்டியதில்லை என்ற நிலையை ஒரு கைத்தொழில் உண்டாக்குமாயின், அதற்குத் துணைபுரியும் எதனையும் அற்பமென்று தள்ளலாகாது.

ஹேஷ்டேக் என்பது # என்னும் அடையாளத்தை முன்னே இட்டு எழுதும் குறிச்சொல். கிறிஸ் மெஸ்ஸினா என்னும் அமெரிக்கர் 2007 ஆகஸ்டு 23-ஆம் நாள், ட்விட்டரில் ஒரே பொருளைப் பற்றிப் பேசுவோர் ஒருங்கே கூடுவதற்கு இதனைப் பயன்படுத்தலாமென்று யோசனை கூறினார். 2011-இல் இன்ஸ்டாகிராமும் இதனை ஏற்றுக்கொண்டது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காகச் சென்னை மெரினாவில் இளைஞர் திரண்டபோது, செய்தியை ஊரெங்கும் கொண்டு சென்றதில் இக்குறிச்சொற்களுக்கும் பங்குண்டு என்பதை அன்பர்கள் அறிவர்.

தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போடும் அறைகளைப் பார்த்திருப்பீர்கள். குறிச்சொல்லும் அத்தகைய ஓர் அறையே. நாம் எந்த அறையில் போடுகிறோமோ, அந்த அறையைத் திறந்து பார்ப்பவர் கண்ணில்தான் நம் சரக்குப் படும். ஆகவே, எத்தனை அறைகளில் போட்டோம் என்பதைவிட, நம் சரக்கை வாங்கக்கூடியவர் எந்த அறையைத் திறப்பார் என்பதே எண்ணிப் பார்க்க வேண்டியது.

இங்கேதான் நம் ஊரார்க்கென்றே ஒரு தனித்தொல்லை வந்து சேர்ந்திருக்கிறது. பலகாரக் கடைக்காரரும், தையல்காரரும், போட்டோ பிடிப்பவரும் முதலில் எழுதுவது #கேஜிஎஃப் என்றுதான். ஊர்ப் பெயரை எழுதாமல் வேறு எதை எழுதுவது? ஆனால் 2018 டிசம்பரில் அப்பெயரைத் தாங்கிய கன்னடத் திரைப்படம் வெளிவந்தது. 2022 ஏப்ரலில் அதன் இரண்டாம் பாகமும் வந்தது. இரண்டும் இந்தியா முழுவதும் ஓடின. அன்று முதல் அந்த அறையைத் திறப்பவர் காண்பது நடிகர் யஷ் அவர்களின் தாடியும், துப்பாக்கியும், தீப்பிழம்புமே! 1880 முதல் நூற்றிருபது ஆண்டுகள், மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இறங்கிப் பொன் எடுத்தவர்களின் ஊர்ப்பெயர், இன்று ஒரு திரைக்கதையின் பெயராக உலகம் அறிந்திருக்கிறது. பெருமையா வருத்தமா என்பது அவரவர் மனத்தைப் பொறுத்தது. வாணிபத்துக்கு மட்டும் அது கேடு. அப்பெருவெள்ளத்தில் ஆண்டர்சன்பேட்டை அச்சுமுறுக்கு எங்கே மிதக்கும்?

இதற்கு வழி, அகன்ற பெயரை விட்டுக் குறுகிய பெயரைப் பிடிப்பதே. #ராபர்ட்சன்பேட்டை, #மாரிக்குப்பம், #சாம்பியன்ரீப் என்பன திரைப்படக்காரர் தேடாத பெயர்கள். இவற்றைத் தேடுபவர் பெரும்பாலும் இங்கே வாழ்பவர், அல்லது இங்கே பிறந்து வேற்றூர் போனவர். பெங்களூரிலும் சென்னையிலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்துகொண்டு, பழைய தெருவின் படம் ஏதேனும் அகப்படாதா என்று தேடுபவர் எத்தனையோ பேர். கிறிஸ்துமஸுக்குக் கல்கல்லும் அச்சுமுறுக்கும் செய்பவருக்கு இவர்களே இயல்பான வாடிக்கையாளர். ஆயிரம் பேர் பார்த்து ஒருவரும் வாங்காததைவிட, நாற்பது பேர் பார்த்து நால்வர் வாங்குவது மேலன்றோ? ஊர்ப்பெயரோடு பண்டத்தின் பெயரும், பண்டிகையின் பெயரும், தம் கடைக்கென்று மாறாத ஒரு பெயரும் இருந்தால் போதும். பண்டிகைக்கு மூன்று நான்கு வாரம் முன்னதாகவே போடத் தொடங்குவது நலம். முதல் நாள் போட்டுப் பயனில்லை.

முப்பது குறிச்சொல் எதற்கும் வேண்டுவதில்லை. 2021-லேயே இன்ஸ்டாகிராம் நிறுவனத்தார் 3 முதல் 5 வரை போதும் என்று அறிவுரை கூறிவிட்டனர். யூடியூபிலோ 60-க்கு மேற்பட்டால் அத்தனையும் கணக்கில் கொள்ளப்படா. மேலும், குறிச்சொல்லைப் பின்தொடரும் வசதியை இன்ஸ்டாகிராம் 2024 டிசம்பரில் எடுத்துவிட்டது. ஆதலின் குறிச்சொல்லை மட்டும் நம்பியிராமல், இன்ன பண்டம், இன்ன எடை, இன்ன ஊர், இன்ன நாளில் அனுப்புவோம் என்று படத்தின் கீழே இரண்டு வரி தெளிவாக எழுத வேண்டும். தேடுபவர்க்கு அச்சொற்களும் வழிகாட்டும்.

எழுதும் முறையில் ஒரு நுட்பம் உண்டு. குறிச்சொல்லின் நடுவே இடம் விட்டாலும் புள்ளி வைத்தாலும் அது அங்கேயே அறுந்துவிடும். ஊர்ப்பெயரை வழக்கம்போல் எழுத்துக்கு எழுத்து புள்ளி வைத்து எழுதுபவர்க்கு முதல் எழுத்து மட்டுமே குறிச்சொல்லாக மிஞ்சும். தமிழ், கன்னடம், ஆங்கிலம் என்று எழுத்து மாறினால் அறையும் மாறும். நம் வாடிக்கையாளரில் கன்னட அன்பர்களும் உளராதலின் ஒன்றைக் கன்னட எழுத்தில் சேர்ப்பது தகும்.

ஊரெங்கும் பேசப்படும் குறிச்சொல்லாயிற்றே என்று எதையும் எடுத்து ஒட்டிக்கொள்வது ஆபத்து. 2014 செப்டம்பரில் அமெரிக்காவில், கணவரின் கொடுமைக்கு ஆளான பெண்கள், தாம் ஏன் அவ்வீட்டை விட்டு உடனே வெளியேறவில்லை என்பதை ஒரு குறிச்சொல்லின் கீழ் எழுதி வந்தனர். டிஜியோர்னோ என்னும் பீட்சா நிறுவனம், அதன் பொருளை விசாரியாமலே, பீட்சா இருந்ததால்தான் என்று விளையாட்டாக எழுதிவிட்டது. கண்டனம் பொங்கியது, நிறுவனம் அதை நீக்கிப் பலரிடமும் தனித்தனியே மன்னிப்புக் கோரிற்று. பெரிய நிறுவனம், பிழைத்துக்கொண்டது. சிறு கடைக்குப் போன பெயர் திரும்புவது அரிது. ஒரு சாவுச் செய்தியின் குறிச்சொல்லோடு புடவை விளம்பரம் வருவதை நம்மவர் பக்கங்களிலும் காண்கிறோம், இது கூடாது.

பெண்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. குறிச்சொல் இட்ட பதிவு ஊர் பேர் தெரியாதவர்க்கும் திறந்த கதவு. அதில் சொந்தக் கைப்பேசி எண்ணையும் வீட்டு இலக்கத்தையும் எழுதிவிட்டு, நேரங்கெட்ட நேரத்தில் வரும் அழைப்புகளால் தொழிலையே நிறுத்தியவர் உண்டு. வாணிபத்துக்கென்று வேறொரு எண் வைத்துக்கொள்ளுங்கள். தின்பண்டம் விற்போர் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவையும் முன்னதாகவே பெற்றுவிட வேண்டும். வெளியூர்க்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

இது நிற்க. தெருவிலுள்ளவர்க்கே இட்டிலி மாவு விற்பவருக்குக் குறிச்சொல் எதுவும் வேண்டியதில்லை. அவருக்கு வாட்ஸப் குழுவும் வாசலில் ஒரு பலகையும் போதும். முன்பின் அறியாதவரை அழைப்பதற்கே குறிச்சொல். அறிந்தவரை அழைக்க அது எதற்கு?

படத்தின் கீழே விலையை எழுதாமல், "தனியே கேளுங்கள்" என்று விட்டுவிடும் வழக்கத்தைப் பற்றியும் சிலர் எழுதியிருக்கின்றனர். அதனை அடுத்த இதழில் எடுத்துக்கொள்வோம்.