மன்னார் வளைகுடாத் தீவுகளின் நுழைவுக் கட்டணம்: நிலைப்பாட்டு அறிக்கை

மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவின் தீவுகளுக்குச் சுற்றுலாப் பயணிகளைக் கட்டணம் பெற்று அழைத்துச் செல்வது குறித்துச் சங்கத்தின் கருத்து என்ன என்று உறுப்பினர் பலரும் தொடர்ந்து கேட்டுவந்துள்ளனர். உறுப்பினரிடையே இருவேறு எண்ணங்கள் நிலவுவதையும் கருத்தில் கொண்டு, இராஜாக்கமங்கலத்தில் கூடிய செயற்குழு நீண்ட விவாதத்துக்குப் பின் பெரும்பான்மைக் கருத்தாக ஏற்றுக்கொண்ட நிலைப்பாடு இங்கே பதிவு செய்யப்படுகிறது. பூங்காவின் வரலாறு உறுப்பினர் அறிந்ததே என்பதால், வாதத்துக்கு வேண்டிய அளவே அது இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

இராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டங்களின் தீவுகளைப் பற்றிக் குமரி மாவட்டத்துச் சங்கம் ஏன் பேச வேண்டும் என்ற கேள்வி செயற்குழுவிலேயே எழுந்தது. 1986-இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்கா 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் அளவில் நின்றாலும், அதை நடுவாகக் கொண்டு 1989-இல் அமைக்கப்பட்ட உயிர்க்கோளக் காப்பகம், அதாவது இயற்கையைக் காப்பதோடு அங்கு வாழும் மக்களின் பிழைப்பும் சேர்த்துப் பேணப்பட வேண்டிய பரப்பு, 10,500 சதுர கிலோமீட்டர் கொண்டதாய் இராமேசுவரம் தொடங்கிக் கன்னியாகுமரி வரை நீள்கிறது. அந்தக் காப்பகத்தின் தென்கோடி இந்த மாவட்டத்துக் கரையில்தான் முடிகிறது. இராமநாதபுரம் மாவட்டத்துக் குருசடைத் தீவில் இன்று ஏற்கப்படும் கட்டணப் படகு வழக்கம் நாளை எந்தப் படகுத்துறைக்கும் வரக்கூடும் என்ற அச்சத்தைச் செயற்குழு மிகையாகக் கருதவில்லை.

கட்டணம் என்ற ஒன்றையே இச்சங்கம் கொள்கை அளவில் எதிர்க்கவில்லை. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் 28-ஆம் பிரிவு, ஆய்வு, புகைப்படம், சுற்றுலா முதலிய நோக்கங்களுக்காகப் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் நுழைய அனுமதி வழங்கவும், அதற்குக் கட்டணம் விதிக்கவும் இடம் தருகிறது. அந்தமானின் வண்டூரில் 1983 முதல் இயங்கும் மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவிலும் பார்வையாளரிடம் கட்டணம் பெறப்படுகிறது. பவளப் பாரின்மேல் படகு ஓட்டிப் பார்க்க வரும் ஒருவர் அந்தப் பாரின் பராமரிப்புக்கு ஒரு பங்கு தருவது முறையே என்று பெரும்பான்மையினர் கருதுகின்றனர். கட்டணமே கூடாது என்ற சிறுபான்மைக் கருத்தும் மதிப்புடன் குறித்துக்கொள்ளப்பட்டது.

ஆனால் யார் நுழையலாம் என்பதை முடிவு செய்யாமல் நுழைவுக்கு எவ்வளவு பெறலாம் என்று பேசுவது தலைகீழான வேலை. அண்மை ஆண்டுகளாகப் பாம்பன் அருகே குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்குச் சூழல் சுற்றுலா, அதாவது இயற்கைக்குக் கேடின்றி இயற்கையைக் காட்டும் சுற்றுலா என்ற பெயரில், கட்டணப் படகுகள் சென்றுவருகின்றன. இதே பூங்காத் தீவுகளின் பார்களில் தலைமுறைகளாகக் கடற்பாசி எடுத்துவந்த பெண்களுக்கோ, பூங்கா அறிவிக்கப்பட்ட நாள் முதல் தீவும் தீவைச் சுற்றிய கடலும் தடைசெய்யப்பட்ட இடங்களாகவே இருக்கின்றன. பாசி எடுப்பது குற்றமாகவும், பார்க்க வருவது சேவையாகவும் ஒரே கடலில் ஒரே நேரத்தில் நடத்தப்படுவதைச் செயற்குழுவில் இருந்த எவராலும் நியாயப்படுத்த முடியவில்லை.

அந்தப் பெண்களின் தொழிலைக் கரையில் நின்று பார்த்தவர்கள்கூட அதன் கடுமையை அறிவார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் விடியுமுன் வள்ளத்தில் புறப்பட்டு, சேலைமேல் ஆண்களின் சட்டையை மாட்டி, பாறை அறுக்காதிருக்க விரல்களில் துணி சுற்றி, கால் உந்துவதற்குத் தகடுகளைக் காலடியில் கட்டி, இடுப்பில் வலைப்பையுடன், சுவாசக் கருவி எதுவுமின்றி மூச்சடக்கி மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரையையும் கையால் பறித்து மேலே வருகிறார்கள். ஐஸ்கிரீமும் மருந்தும் உறைய உதவும் அகர் என்ற பொருளின் தொடக்கம் இந்த விரல்களில்தான் இருக்கிறது. மாதத்தின் எல்லா நாளும் அவர்கள் கடலில் இறங்குவதில்லை. பாசி மீண்டும் வளர இடைவெளி விட வேண்டும் என்ற கட்டுப்பாட்டை அவர்களே தமக்குள் வகுத்துக்கொண்டிருக்கிறார்கள். இப்படிப்பட்டவர்கள் தாம் பிறந்து வளர்ந்த கடலுக்குள் அதிகாரியின் கண்ணுக்கு மறைந்து செல்ல வேண்டியிருப்பதும், எடுத்த பாசியும் வள்ளமும் பறிபோகுமோ என்று அஞ்ச வேண்டியிருப்பதும், அந்த அச்சத்தின் ஊடே உல்லாசப் படகு ஒன்று உரிமையோடு கடந்து செல்வதும் கொடுமை. மென்மையான சொல்லைத் தேர்ந்தெடுக்குமாறு சில உறுப்பினர் கேட்டுக்கொண்டனர். பொருத்தமான வேறு சொல் கிடைக்கவில்லை.

இது வெறும் மனக்குறை அன்று, சட்டப் பிரச்சினையும் ஆகும். 1991-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 26அ பிரிவு, நாட்டின் ஆட்சிக்குட்பட்ட கடற்பரப்பைச் சரணாலயத்துக்குள் கொண்டுவரும்போது, அப்பகுதி மீனவரின் தொழில் நலனைக் காக்கப் போதிய நடவடிக்கை எடுத்த பின்னரே அதன் எல்லை வகுக்கப்பட வேண்டும் என்று கூறுகிறது. தேசியப் பூங்காக்களுக்கும் அது இயன்றவரை பொருந்தும். பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டதால் பின்னால் வந்த சொற்கள் அதைக் கட்டுப்படுத்தா என்று வாதிடுவோர் இருக்கலாம். நாடாளுமன்றம் மீனவரின் நலனைத் தெளிவாக எழுதிவைத்த பிறகும், முன்னதாக அறிவிக்கப்பட்ட ஒரே காரணத்தால் ஒரு பூங்காவைச் சுற்றி வாழ்பவருக்கு மட்டும் அந்த நலன் கிடையாது என்பது அறத்துக்கும் பொருந்தாது, அறிவுக்கும் பொருந்தாது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் நீர்நிலைகளின் மீன் முதலிய விளைபொருள்மீது மரபு உரிமையை ஏற்கிறது. தீவுகளைச் சார்ந்து பிழைப்போருக்கு அது எந்த அளவு பொருந்தும் என்பதை அரசு தெளிவுபடுத்த வேண்டும்.

பாசி எடுப்பவரால் பார்கள் அழிகின்றன என்ற குற்றச்சாட்டு இந்த விவாதத்தில் திரும்பத் திரும்ப வருவதால் அதற்கும் பதில் சொல்லியாக வேண்டியுள்ளது. கவனமின்றிப் பறித்தால் பாருக்குச் சேதம் உண்டு என்பதைச் சங்கம் மறுக்கவில்லை. ஆயினும் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் கடலுக்குள் மூழ்கியது பெண்களின் விரல்களால் அன்று. சுண்ணாம்புக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் பல்லாண்டு பவளப்பாறை வெட்டி எடுக்கப்பட்டதே அதற்குத் தலையாய காரணம். 1969-இல் ஏறத்தாழ 20 ஹெக்டேர் இருந்த காரியசல்லித் தீவு இன்று அதில் ஒரு சிறு பகுதியாகச் சுருங்கிக் கிடக்கிறது. கடல்நீர் வெப்பமாகிப் பவளங்கள் நிறமிழந்து மடியும் வெளிறல் 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடுமையாகத் தாக்கியது. வளர்ப்புக்கென வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட கப்பாபைகஸ் பாசி குருசடையின் உயிருள்ள பவளங்கள்மேல் படர்ந்திருப்பதை 2008-இல் அறிவியலாளர் பதிவு செய்தனர். அந்தப் பாசியைக் கடலில் விட்டது எந்த மீனவக் குடும்பத்தின் யோசனையும் அன்று. பெரிய கைகள் செய்த அழிவுக்குச் சிறிய கைகள் வெளியேற்றப்படுகின்றன. வெளியேற்றப்பட்ட இடத்துக்கு இப்போது டிக்கெட் கிழிக்கப்படுகிறது.

கட்டணப் பணம் எங்கே போக வேண்டும் என்பதிலும் சங்கத்துக்குத் தெளிவு உண்டு. எக்குவடோர் நாட்டின் கலாபகோஸ் தீவுகளில் வெளிநாட்டுப் பயணிகளின் நுழைவுக் கட்டணம் 2024 ஆகஸ்டு 1 முதல் 100 டாலரிலிருந்து 200 டாலராக உயர்த்தப்பட்டது; அங்கு 1998-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் அந்த வருவாயில் ஒரு பங்கைத் தீவுகளின் உள்ளாட்சி அமைப்புகளுக்கு ஒதுக்கியதோடு, சுற்றியுள்ள கடலில் மீன்பிடிக்கும் உரிமையை உள்ளூர்ச் சிறுதொழில் மீனவருக்கே விட்டது. இந்தோனேசியாவின் கொமோடோவிலோ 2022 ஆகஸ்டில் கட்டணம் 37.5 லட்சம் ரூபியாவாக உயர்த்தப்பட்டபோது, கலந்து பேசப்படாத உள்ளூர்ச் சுற்றுலாத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ததால் உயர்வு முதலில் தள்ளிவைக்கப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்டது. இந்த இரண்டில் எந்த வழி தமிழகத்துக்கு வேண்டும் என்பதை அரசு தேர்ந்துகொள்ளலாம். புலிகள் காப்பகங்களில் பார்வையாளர் கட்டணத்தை அந்தந்த அறக்கட்டளையே வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது; மன்னார் வளைகுடாவுக்கென 2000-இல் அமைக்கப்பட்ட உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளை இருக்கும்போது, அதன் வழியே பணம் கடலோர ஊர்களுக்குச் சேர்வதற்குத் தடை ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை. கன்னியாகுமரியில் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் படகுக் கட்டணம் செலுத்திக் கடலிலுள்ள நினைவுப் பாறைக்குச் சென்று திரும்புகிறார்கள்; அந்த வருவாயால் அக்கம்பக்கத்து மீனவ ஊர்கள் கண்ட நன்மை என்ன என்று உறுப்பினர் கேட்ட கேள்விக்குச் செயற்குழுவில் பதில் வரவில்லை.

பயணங்கள் நடக்கும் முறைக்கும் சில வரம்புகள் வேண்டும். வண்டூரில் ஜாலிபாய், ரெட்ஸ்கின் தீவுகளைப் பருவத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றித் திறப்பதுபோல இங்கும் தீவுகளுக்கு ஓய்வு தரப்பட வேண்டும். பிளாஸ்டிக் பைகள் கரையிலேயே நிறுத்தப்பட வேண்டும். பள்ளி மாணவருக்குக் கட்டணம் கூடாது. பயணிகள் படகுகளை இயன்றவரை உள்ளூர் மீனவரே ஓட்ட வேண்டும்.

எனவே இச்சங்கம் தமிழக அரசைக் கேட்டுக்கொள்வது இது. பாசி எடுக்கும் பெண்களையும் சிறுதொழில் மீனவரையும் நேரில் அழைத்து, அவர்களுடைய மரபு உரிமையின் எல்லை, நாட்கள், முறை ஆகியவற்றை எழுத்தில் உறுதிசெய்து அடையாள அட்டை வழங்க வேண்டும். தொழிலுக்காகச் சென்றதற்கென அவர்கள்மேல் உள்ள வழக்குகளைத் திரும்பப் பெற வேண்டும். கட்டண வருவாயின் பெரும்பங்கு அவர்களுடைய ஊர்களுக்கே செல்ல வேண்டும். அதன் கணக்கு ஆண்டுதோறும் ஊர்க்கூட்டத்தில் படிக்கப்பட வேண்டும். குருசடையில் ஏற்கெனவே நடக்கும் பயணங்களை உடனே நிறுத்தக் கோரும் தீர்மானம் போதிய ஆதரவின்றித் தற்போதைக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது. ஆனால் மேற்கண்டவை நிறைவேறும் வரை வேறு எந்தத் தீவிலும் புதிய கட்டணப் படகு விடப்படுவதை இச்சங்கம் ஏற்காது. இதில் செயற்குழு ஒருமனதாக உள்ளது.