பட்டியலில் அடங்காத சொல்லறிவு

போட்டித் தேர்வுக்கு ஆயத்தமாகும் நம் இளைஞர்கள், ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றுக்கும் நேராக ஒருபொருட் சொற்களையும் எதிர்ச்சொற்களையும் அடுக்கி மனனம் செய்வதையே பாஷா ஞானம் என்று கருதி உழைப்பது கண்டு எனக்கு மெய்யாகவே வருத்தம் உண்டாகிறது. பீட்டர் மார்க் ரோஜே என்னும் ஆங்கில வைத்தியர், 1805-இல் தம் சொந்த உபயோகத்துக்காகத் தொகுக்கத் தொடங்கி, 1852-இல் தமது 73 வயதில் வெளியிட்ட 'தெசாரஸ்' என்னும் மகத்தான நூல், சொற்களை அகரவரிசையில் அன்றிக் கருத்து வரிசையில் வகுத்து, எதிரெதிர்க் கருத்துக்களை அருகருகே நிறுத்தியதாயினும், எண்ணம் உடையவன் அதற்குரிய சொல்லைத் தேடி அடைய உதவும் கருவியேயன்றி, உருப்போடுவதற்கென இயற்றப்பட்டதன்று. 'ஸ்லிம்', 'ஸ்கின்னி' இரண்டும் மெலிந்த தேகத்தையே குறிப்பினும், முன்னது புகழ்ச்சி, பின்னது பெரும்பாலும் இகழ்ச்சி. இந்தச் சூட்சுமத்தை வாக்கியமே கற்பிக்கும். அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கைக்குரிய எஸ்.ஏ.டி. தேர்வு 1994-இலும், மேற்பட்டப் படிப்புச் சேர்க்கைக்குரிய ஜி.ஆர்.இ. தேர்வு 2011-இலும் எதிர்ச்சொல் வினாக்களை அறவே நீக்கிவிட்டன. நம் உத்தியோகத் தேர்வுகளில் அவை இன்னும் நீடிப்பது உண்மையே. ஆயினும் ஆசிரியர்கள், மாணவரை நாள்தோறும் நல்ல ஆங்கில உரைநடையில் ஒரு பக்கமேனும் வாசிக்கச் செய்து, புதிய சொல்லைத் தம் சொந்த வாக்கியத்தில் அமைத்து எழுதவும் பழக்குவார்களாக.