புனே போர்ஷே வழக்கு: 300 வார்த்தை கட்டுரை போதுமா? சிறார் சட்டம் சொல்வது என்ன?

2024 மே 19 அதிகாலை. புனே கல்யாணி நகரில் அதிவேகமாக வந்த போர்ஷே கார் மோதி, பைக்கில் சென்ற 2 இளம் ஐடி ஊழியர்கள் உயிரிழந்தனர். காரை ஓட்டியதாகக் குற்றம்சாட்டப்பட்டவர் 17 வயது சிறுவன். அப்பா ரியல் எஸ்டேட் தொழிலதிபர்.

அன்றே ஜாமீன் கிடைத்தது. நிபந்தனைகளில் ஒன்று: சாலை விபத்து பற்றி 300 வார்த்தையில் கட்டுரை!

"ரெண்டு உயிருக்கு ஒரு கட்டுரையா?" என்று நாடே கொதித்தது. உடனே உத்தரவு மாற்றப்பட்டு, சிறுவன் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பப்பட்டான். அந்தக் காவலே சட்டவிரோதம் என்று சொல்லி, ஜூன் 25ல் பாம்பே ஹைகோர்ட் விடுவித்தது.

பெரியவராகக் கருதி விசாரிக்க முடியாதா?

2015 சிறார் நீதிச் சட்டப்படி, 16 முதல் 18 வயதுக்குள் உள்ளவர் 'கொடிய குற்றம்' செய்திருந்தால் அதற்கு வழி உண்டு. ஆனால் அந்தக் குற்றத்துக்குக் குறைந்தபட்ச தண்டனையே 7 ஆண்டாக இருக்க வேண்டும். இந்த வழக்கின் முக்கியப் பிரிவான ஐபிசி 304ல் ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம். குறைந்தபட்சம் என்று எதுவும் இல்லை. 2016ல் டெல்லியில் நடந்த இதேபோன்ற கார் விபத்து வழக்கில், 2020ல் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவுபடுத்திவிட்டது. புனே போலீஸின் மனுவையும் 2025 ஜூலையில் இளைஞர் நீதிக் குழுமம் நிராகரித்தது. குற்றம் உறுதியானாலும், சிறப்பு இல்லத்தில் அதிகபட்சம் 3 ஆண்டுதான்.

அப்போ பணக்காரப் பிள்ளைக்குத் தனிச் சட்டமா?

இல்லை. செல்போன் திருடிய ஏழைச் சிறுவனுக்கும் ஜாமீன்தான் விதி, மறுப்பது விதிவிலக்கு. ஆனா அவனுக்காக அன்றைக்கே ஓடிவர வக்கீல் இருப்பாரா? வித்தியாசம் அங்கேதான் தொடங்குகிறது. கோபத்தில் சட்டத்தைக் கடுமையாக்கினால், முதலில் மாட்டுவதும் அந்த ஏழைச் சிறுவன்தான்.

உண்மையான சிக்கல் எங்கே?

மது அருந்தியது தெரியாமலிருக்க ரத்த மாதிரியை மாற்றினார்கள், பழியை ஏற்கச் சொல்லி டிரைவரை மிரட்டினார்கள் என்பது போலீஸ் வைக்கும் குற்றச்சாட்டு. பெற்றோர், தாத்தா, அரசு மருத்துவமனை டாக்டர்கள் என்று பெரியவர்கள் கைதானார்கள். இது நிரூபணமானால், சிறுவனைத் திருத்தும் வாய்ப்பையே கெடுத்தது அவர்கள்தான். 'நான் செய்தது தப்பு' என்று உணர்வதில்தானே திருந்துவது தொடங்கும்? அதையே மறைத்துவிட்டால் கவுன்சிலிங் எதற்கு?

பெரியவர்களுக்கு என்ன தண்டனை?

சிறுவர்கள் வண்டி ஓட்டி குற்றம் செய்தால், மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவில் பாதுகாவலர் அல்லது உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து. ஓட்டியவருக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. ஆதாரத்தை அழித்தால் அது தனி வழக்கு.

சிறுவனைத் திருத்துவதா, சாவியைக் கொடுத்தவர்களைத் தண்டிப்பதா என்று இதில் ஒன்றைத் தேர்வு செய்யத் தேவையே இல்லை. சட்டத்தில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. இரண்டாவது நடந்தால்தான், முதலாவதை மக்கள் நம்புவார்கள்.