சுகர் போயே போச்சா?

மூன்று மாதம் நெய், முட்டை, பன்னீர். எச்பிஏ1சி 6.1-லிருந்து 5.5-க்கு இறங்கியது. ‘சுகர் போயே போச்சு’ என்று ஆபீஸில் எல்லோருக்கும் பாடம் எடுத்தேன். ஒரு கல்யாணப் பந்தி. இரண்டு மணி நேரம் கழித்து மீட்டர் 214 காட்டியது.

அந்த 5.5 பொய்யில்லை. ஆனால் குணமும் இல்லை. லோடே இல்லாத சர்வர் க்ராஷ் ஆகாது. அதை வைத்து பக் சரியாகிவிட்டதென்று டிக்கெட்டை மூடுவோமா? 214-ம் முழு உண்மையல்ல. மாவுச்சத்தை ஒதுக்கிய உடம்பு திடீர்ச் சோற்றில் தடுமாறும். குளுக்கோஸ் டெஸ்ட்டுக்கு முன் மூன்று நாள் ஒழுங்காகச் சாப்பிடச் சொல்வது அதனால்தான்.

2017-ல் வெளியான பிரிட்டனின் டைரெக்ட் ஆய்வைப் பாருங்கள். சிகிச்சை பெற்ற நீரிழிவுக்காரர்களில் 46 சதவீதம் பேர் ஓராண்டில் மாத்திரையில்லாமல் நோய் வரம்புக்குக் கீழே வந்தார்கள். 15 கிலோவோ அதற்கு மேலோ இளைத்தவர்களில் 86 சதவீதம். முதல் சில மாதங்கள் அவர்கள் குடித்தது நெய்யா? நாளுக்குச் சுமார் 850 கலோரி ஷேக், சூப். அதில் பாதிக்கு மேல் மாவுச்சத்து!

சோற்றைக் குறைத்துப் பலர் இளைக்கிறார்கள், நல்லது. ஆனால் புகழை நெய்க்குக் கொடுத்து, டாக்டரைக் கேட்காமல் அப்பாக்களின் மாத்திரையை நிறுத்தச் சொல்லும் குருமார்களே, இளைத்தது இடுப்பு. நெய் வெறும் நெய்தான்.