சைபர் போட்ட கட்டம்

தலைப்பைப் பார்த்துவிட்டு என் பரீட்சை மார்க்கைப் பற்றி எழுதப் போகிறேன் என்று நினைத்திருந்தால், மன்னிக்கவும். அந்தச் சோகக் கதை தனி. இது ஒரு போதகரின் ஆண்டறிக்கையைப் பற்றியது.

என்னுடன் படிக்கும் நண்பனின் அப்பா, ராசிபுரம் பக்கம் ஒரு சின்ன கிராமத்துச் சபையில் போதகர். சென்ற டிசம்பர் கடைசி வாரம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். நான் சர்ச்சுக்குப் போகிறவன் இல்லை. எங்கள் வீட்டில் மாரியம்மன்தான் எல்லாம். கிறிஸ்துமஸ் முடிந்து மிச்சமிருக்கும் முறுக்கும் கேக்கும்தான் என்னை அங்கே இழுத்தன. பி.காம். படிக்கிற பையன் வந்திருக்கிறான் என்றதும், ஐயா என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டார். ஆண்டு முடிந்தால் மேலிடத்துக்கு ஒரு அறிக்கை அனுப்ப வேண்டுமாம்.

குடும்பங்கள் எத்தனை, திருமணங்கள் எத்தனை, அடக்கங்கள் எத்தனை, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் எத்தனை, காணிக்கை எவ்வளவு, அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வந்தது எவ்வளவு... வரிசையாகக் கட்டங்கள். ரசீதுப் புத்தகத்தையும் வங்கிப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு நிரப்பினேன். கணக்கு எங்கேயும் உதைக்கவில்லை. எங்கள் ஆடிட்டிங் வாத்தியார் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். கடைசியில் ஒரு கட்டம்: "இந்த ஆண்டு புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்கள்".

"இதுல என்னங்க ஐயா போடறது?"

"ஒண்ணுமில்லீங்க தம்பி. சைபர் போடுங்க."

போட்டேன். அவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "வருசம் பூரா என்ன பண்ணினேன்னு கேக்கறவங்க, இந்தக் கட்டத்தைத்தான் தம்பி மொதல்ல பாப்பாங்க" என்றார். சிரிப்பு வாயில் மட்டும்தான் இருந்தது.

அன்று இரவு மொட்டை மாடியில் படுத்திருந்தபோது நண்பன் ஒரு விஷயம் சொன்னான். ஆகஸ்டில் பக்கத்துத் தெரு லாரி கிளீனர் ஒருவருக்கு விபத்து. சேலம் அரசு மருத்துவமனையில் அவருக்குத் துணையாக மூன்று இரவு உட்கார்ந்திருந்தது இவன் அப்பாதான். அந்தக் கிளீனர் சபையைச் சேர்ந்தவரும் இல்லை, சேரப் போகிறவரும் இல்லை. நான் நிரப்பிய அறிக்கையில் அதற்கு ஒரு கட்டமும் கிடையாது.

காலையில் எழுந்தால் எதிரே கொல்லிமலை. அப்போதுதான், எப்போதோ படித்த ஒரு பழைய கதை ஞாபகம் வந்தது. அதைச் சொன்னால்தான் நான் சொல்ல வருவது புரியும்.

ஜெஸ்ஸி பிராண்ட் என்று ஒரு ஆங்கிலேயர். ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் சார்பில் 1907-ல் இந்தியா வந்தவர். 1913-ல் நம் சேந்தமங்கலத்தில் அவருக்கும் ஈவ்லின் என்ற லண்டன் பெண்ணுக்கும் கல்யாணம். ஈவ்லின் வசதியான குடும்பம், ஓவியம் வரைகிறவர். கல்யாணம் ஆனதும் இருவரும் கொல்லிமலைக்கு ஏறினார்கள். இன்று 70 கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே பஸ்ஸில் போகிறோமே, அந்த ரோடெல்லாம் அப்போது கிடையாது. நடக்க வேண்டும், இல்லையென்றால் டோலியில் தூக்கிப் போக வேண்டும். மலையில் மலேரியா வேறு. வாழவந்தி என்ற இடத்தில் குடியேறினார்கள்.

அவர்கள் முதல் ஐந்தாறு ஆண்டுகளில் அனுப்பிய அறிக்கைகள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஞானஸ்நானக் கட்டத்தில்? சைபர். அடுத்த வருடம்? சைபர். அதற்கடுத்த வருடமும் அதேதான். மலைவாழ் மக்கள் மருந்து வாங்கிக்கொண்டார்கள், பல் பிடுங்கிக்கொண்டார்கள், ஆனால் மதம் மாற யாரும் முன்வரவில்லை. அங்கிருந்த பூசாரி ஒருவரும் இவர்களுக்குக் கடும் எதிர்ப்பு.

ஆனால் ஜெஸ்ஸி சும்மா இருக்கவில்லை. லண்டனில் சுமார் ஒரு வருடம் மட்டும் கற்ற வைத்தியத்தை வைத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்தார். நரம்புச் சிலந்தி கேள்விப்பட்டிருப்பீர்கள். காலைப் பொத்துக்கொண்டு நீளமாகப் புழு வெளியே வரும் நோய். நோயாளி கிணற்றில் காலை நனைத்தால் புழுவின் குஞ்சுகள் தண்ணீரில் கலக்கும், அதைக் குடிப்பவருக்கு மறுபடி நோய். ஜெஸ்ஸி புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி எடுத்ததோடு நிற்காமல், யாரும் தண்ணீரில் இறங்காதபடி கிணற்றைச் சுற்றிச் சுவர் கட்டச் சொல்லிக்கொடுத்தார். இந்தியாவில் இந்த நோயின் கடைசி நோயாளி 1996-ல். 2000-ல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்குச் சான்றிதழ் கொடுத்தது. கிணற்றுச் சுவருக்கு எந்தக் கட்டத்தில் எண் போடுவது?

பிறகு 1918-ல் விஷக்காய்ச்சல் வந்தது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேல் ஆட்களைக் கொண்டுபோன இன்ஃப்ளூயன்ஸா. மலையில் சொந்தக்காரர்களே பயந்து ஒதுங்கியபோது, பிராண்ட் தம்பதி வீடு வீடாகக் கஞ்சி தூக்கிக்கொண்டு போனார்கள். எதிர்த்துக்கொண்டிருந்த அந்தப் பூசாரியும் அவர் மனைவியும் படுத்துவிட்டார்கள். சாகும் தறுவாயில் தன் பிள்ளைகளை யாரிடம் விடுவது என்று யோசித்த பூசாரி, பிராண்ட் தம்பதியிடமே ஒப்படைத்தார். அதற்குப் பிறகுதான் அந்த மலையில் சபை என்று ஒன்று உருவானது.

இங்கே நிறுத்தி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். "பார்த்தாயா, கடைசியில் சைபர் மாறிவிட்டது, அதனால் உழைப்பு வீண் போகவில்லை" என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொன்னால் நானும் அதே கட்டத்தைத்தான் பார்க்கிறேன் என்று ஆகிவிடும். 1919-லும் சைபராகவே இருந்திருந்தால், அந்தக் கஞ்சி வீணா? குடித்தவரைக் கேட்டால் தெரியும்.

எனக்கு வேடிக்கையாகப் படுவது வேறு ஒன்று. ஊழியம் என்றால் ஆத்தும அறுவடைதான் என்று எண்ணுகிற மேலிடமும், பாதிரியார் என்றாலே மதம் மாற்றத்தான் வந்தார் என்று திட்டுகிறவர்களும் ஒரே கட்டத்தைத்தான் பார்க்கிறார்கள். இவருக்கு எண் பெரிதாக இருந்தால் சந்தோஷம், அவருக்கு அதே எண் பெரிதாக இருந்தால் கோபம். மற்ற கட்டங்களை இருவருமே படிப்பதில்லை. நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவர், ராசிபுரம் பக்கத்து ஐயா மாதிரி ஆட்கள்.

எங்கள் பாடத்தில் "நீள்பயன் வருவாயினச் செலவு" என்று ஒன்று உண்டு. பணம் இந்த வருடம் போய்விடும், பலன் பல வருடம் கழித்தும் வந்துகொண்டிருக்கும். அதை ஒரே வருடக் கணக்கில் எழுதினால் நஷ்டம் மாதிரித் தெரியும். ஊழியமும் அப்படித்தான் என்று முதலில் நினைத்தேன். யோசித்தால் அதுவும் முழுக்கச் சரியில்லை. அந்தப் பலனையாவது பல வருடங்களுக்குப் பிரித்து எழுதலாம். இதை எப்படிப் பிரிப்பது?

ஒரு உதாரணம். ஜெஸ்ஸியின் மகன் பால், 1914-ல் பிறந்தவன். சின்ன வயதில் மலையில் ஒருநாள், தொழுநோய் வந்த மூன்று பேர் வாசலுக்கு வந்தார்கள். அப்போது அதற்கு மருந்து கிடையாது. அப்பா புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டு அனுப்பினார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது. அதைத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்த பையன்தான் பிற்பாடு வேலூர் சி.எம்.சி. டாக்டர் பால் பிராண்ட். தொழுநோயாளியின் விரல்கள் நோயால் அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் காயம் பட்டுப் பட்டுத்தான் தேய்கின்றன என்று எடுத்துக்காட்டியவர். மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் மறுபடி வேலை செய்ய வைத்தவர். ஜெஸ்ஸி இதையெல்லாம் பார்க்கவில்லை. 1929 ஜூனில் காய்ச்சலில் மலையிலேயே இறந்துவிட்டார். பால் அப்போது இங்கிலாந்தில் பள்ளி மாணவன். சாவுச் செய்தி தந்தியில் வந்துவிட்டது. கப்பல் தபாலில் அப்பாவின் கடிதம் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது.

ஈவ்லின் விடவில்லை. மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும், எழுபதை நெருங்கும் வயதில், சொந்தப் பொறுப்பில் மறுபடி மலையேறினார். கொல்லிமலை, பச்சைமலை, கல்ராயன் மலை என்று மட்டக் குதிரையில் சுற்றினார். கடைசி இருபது வருடம் வீட்டில் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லையாம், அதுவும் ஒரு ஓவியர்! 1974 டிசம்பரில், 95 வயதில் இறந்து, வாழவந்தியில் கணவர் பக்கத்திலேயே அடக்கமானார்.

இதற்காகக் கணக்கே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் காலேஜில் டி.சி. கொடுத்துவிடுவார்கள். காணிக்கைப் பணத்துக்குப் பைசா சுத்தமாகக் கணக்கு வேண்டும், வெளி ஆடிட்டர் வேண்டும். "எண்ணிக்கை முக்கியமில்லை" என்பது சோம்பேறிக்கும் வசதியான வார்த்தை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் பணத்தை எண்ணுகிற மாதிரி மனிதர்களை எண்ணினால், ஊழியர் எண்ணுக்காக வேலை செய்ய ஆரம்பிப்பார். மார்க்குக்காக மட்டும் படிக்கிற எங்களைப் பார்த்தால் தெரியவில்லையா?

வேறு மாதிரி அறிக்கையும் இதே மண்ணிலிருந்து போயிருக்கிறது. மதுரையிலிருந்த ராபர்ட் டி நொபிலி 1623-ல் வடக்கே கிளம்பி, இதே சேந்தமங்கலத்துக்கு வந்து, பிறகு சேலம் போனார். அவருடைய இயேசு சபையார் ஆண்டுதோறும் மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார்கள். அவற்றிலும் ஞானஸ்நானக் கணக்கு உண்டு. ஆனால் அதோடு ஊரில் நடந்த சண்டை, பஞ்சம், வரிக் கொடுமை எல்லாமே உண்டு. சத்தியநாத ஐயர் 1924-ல் மதுரை நாயக்கர் வரலாறு எழுதியபோது அந்தக் கடிதங்களைப் பெரிய ஆதாரமாக வைத்துக்கொண்டார். ஞானஸ்நானம் எத்தனை என்று மட்டும் எழுதியிருந்தால் இன்று யார் புரட்டப் போகிறார்கள்?

இந்த ஞானோதயத்தோடு காலை டிபனுக்குப் பிறகு ஐயாவிடம் போனேன். "கீழே 'இதர விவரம்'னு இடம் காலியா இருக்குதுங்க ஐயா. ஆஸ்பத்திரியில மூணு நாள் இருந்தீங்களே, அதை எழுதிரலாமுங்களா?"

அவர் நண்பனை ஒரு முறை முறைத்தார். பிறகு என்னிடம், "அது கணக்குக் காட்டறதுக்குப் பண்ணினதில்லீங்க தம்பி. அப்படியே அனுப்பிருங்க" என்றார்.

அனுப்பிவிட்டேன். சைபர் அப்படியே போனது.

ஊர் திரும்பும்போது பஸ்ஸில் ஒன்று தோன்றியது. நல்ல ஊழியர் தன்னைப் பற்றித் தானே எழுதமாட்டார். ஆகவே படிக்கிறவர்தான் கேட்க வேண்டும். மேலிடத்தில் இருப்பவர் வருடத்துக்கு ஒரு நாள் பஸ் பிடித்து அந்தக் கிராமத்துக்கு வந்து, சபைக்கு வராத நாலு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தபடி, "உங்க ஊர் போதகர் எப்படிங்க?" என்று கேட்டால் போதும். அந்தக் கிளீனர் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். எக்செல் ஷீட்டுக்குத் தெரியாது.